நாய்க்குட்டி போன வீடுகள்

முதல் கூட்டம்

குழுவின் முதல் கூட்டத்துக்கு நான் போன அன்று பேசவேண்டியிருந்தது ஒரே விஷயம்தான்: தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் கொட்டகையை எங்கே போடுவது. அந்தப் பேச்சு தொடங்கவே இல்லை.

நான் கால்நடை மருத்துவர். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் கோழியுமாகப் பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பேரூராட்சியில் தெருநாய்க் கண்காணிப்புக் குழு அமைத்தபோது, மருத்துவர் ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். இதுபோன்ற குழுக்கள் இப்போது பல ஊர்களிலும் வருகின்றன. அவற்றில் உட்காரப்போகும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகளை நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

குழுத் தலைவர் பேரூராட்சியின் செயல் அலுவலர். எல்லோரும் அவரை ஈ.ஓ. என்பார்கள். அவருக்கு இடது பக்கம் வார்டு கவுன்சிலர் துரை உட்கார்ந்திருந்தார். டிராக்டர், லாரி வைத்திருப்பவர். ஊரில் அவர் பேச்சு எடுபடும். எதிரே ஸ்டெல்லா. பக்கத்து ரிசார்ட் ஒன்றின் லாண்டரியில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வரும்போது மிச்சச் சோற்றை வாளியில் எடுத்துவந்து தெருநாய்களுக்குப் போடுகிறவள். நாய்களைக் கூப்பிட்டு வரவைக்க அந்த ஊரில் அவளை விட்டால் ஆளில்லை என்பதால் விலங்கு நல உறுப்பினராகச் சேர்த்திருந்தார்கள்.

டீ வந்துகொண்டிருந்தபோது ஹெல்த் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"சார், ஒரு கேஸ். நம்ம காலனி ஆளு. ரெண்டு நாளா தொண்ட அடைக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாராம். இன்னிக்கி காலைல தண்ணி டம்ளர பாத்தாலே ஒடம்பு ஒதறுது. செங்கல்பட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரேபிஸ்னுதான் சொல்றாங்க."

"யாருப்பா?" என்றார் துரை.

"குமரவேல். ரிசார்ட்ல ஏசி மெக்கானிக்."

துரை மேசையைத் தட்டினார். "நான் எத்தினி தபா சொன்னேன். ரோட்டுல நடக்க முடியல, நாயிங்கள புடிங்கன்னு. எந்த நாய்யா கட்ச்சிது?"

"அதான் சார் புரியல. நாயே கடிக்கலன்றாங்க அவரு சம்சாரம்."

ஸ்டெல்லா கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். மற்றவர்களைப் பார்க்க முடியவில்லை என்று பின்னால் சொன்னாள்.

"டாக்டரம்மா, குட்டி கிட்ட இருந்து வருமா அது?"

"வரும்" என்றேன். "குட்டியும் நாய்தானே."

"அவருக்கு நான்தான் குட்டி குடுத்தேன். பொங்கலுக்கு முன்னாடி."

நோய் உடம்பில் பதுங்கியிருக்கும் மாதக் கணக்கை நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது.

செங்கல்பட்டில்

மருத்துவமனைக்கு நாங்கள் மூவர் போனோம்: ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஸ்டெல்லா, நான். ஒரு ஆளுக்கு ரேபிஸ் என்றால் அந்த நாயோடு புழங்கிய மற்றவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது அவசரமான வேலை. நோய் வெளியே தெரிந்துவிட்டால் மருத்துவத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வெளியே தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். இடையில் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் கிடைக்கும். அந்த இடைவெளியில் எவ்வளவு போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

குமரவேலின் மனைவி செல்வி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் பேசியதில் நோயைப் பற்றிய கேள்வியே இல்லை. வீட்டுக்கு எப்போது கூட்டிப் போகலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குட்டியைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"வெளாண்டுகினுதான் இருந்திச்சு. அப்பறம் ஒரு நாளு சோறு துண்ணல. மூலைல போயி ஒக்காந்துகினு ஒரு மாரி கொரலு மாறி கத்திச்சு. தூக்கப் போனாரு, கைல நகம் பட்ட மாரி ஒரு கீறல். அவ்ளோதாம்மா. கடின்னு சொல்ற மாரி இல்ல. சோப்பு போட்டு கழுவுனாரு. மறுநாளு குட்டி செத்துப்போச்சு. பின்னாடி தென்னமரத்தாண்ட பொதச்சாரு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"குட்டி செத்தத யார்கிட்ட போய் சொல்றது?"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குமரவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உடல்வாகு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அறையில் விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காற்று பட்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் என்பதால். பிழைப்பே குளிர்காற்று விடும் மெஷின்களோடுதான் என்று இருந்த மனிதர், கதவு திறந்து காற்று வந்தபோதெல்லாம் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார். இடையிடையே தெளிவாகவும் பேசினார். இந்த நோயில் அதுதான் பார்க்கச் சகிக்காதது. ஆளுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும்.

ஸ்டெல்லா உள்ளே போகவேண்டும் என்றாள். மருத்துவர் முகக்கவசமும் கையுறையும் கொடுத்து, வாசலிலேயே நிற்கச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். குமரவேல் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஸ்டெல்லாக்கா. அந்தக் குட்டி செத்துப்போச்சுக்கா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒன்கிட்ட சொல்லல. நல்லா வளக்கறேன்னு வாங்கிகினு வந்து இப்டி பண்ணிட்டேன்னு நெனப்பியோன்னு…" என்று சொல்லும்போதே தொண்டை இழுத்துவிட்டது. செவிலியர் எங்களை வெளியே அனுப்பினார்.

வராந்தாவில் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குட்டி எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும்.

செல்விக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே ஊசி போடவேண்டியிருந்தது. அவள் நகர மறுத்தாள்.

"அவர வுட்டுட்டு நான் ஊசி போட்டுக்கப் போறதா?"

"பிள்ளைங்களுக்காகப் போட்டுக்கோம்மா. அந்தக் குட்டி அவங்க கையையும் நக்கியிருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் அசைந்தாள். மாமியார் கூட்டிவந்த பிள்ளைகளோடு ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே சுவரில் அதே இடத்தில் நின்றாள். மறுநாள் காலையில் குமரவேல் இறந்துபோனார்.

நாலு குட்டிகள்

ரிசார்ட்டின் பின்சுவர் ஓரம், சமையலறைக் கழிவு கொட்டும் இடத்தில், ஒரு பழுப்பு நாய் நாலு குட்டிகள் போட்டிருந்தது. எங்கிருந்தோ வந்த வேறொரு நாய் அதைக் கடித்துக் குதறியதை லாண்டரி ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த நாய் குட்டிகளையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டு ஓடியிருக்கிறது. சில நாட்களில் தாய் நாய் காணாமல் போனது. குட்டிகளை ஸ்டெல்லா லாண்டரிக் கொட்டகையில் ஒரு கூடையில் வைத்து, பால் ஊற்றி வளர்த்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். தடுப்பூசி போடுவது மூன்று மாதம் ஆன பிறகு. அதற்கு முன்னாலேயே குட்டிகள் நல்ல இடம் போகட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

இது சட்டத்துக்குப் புறம்பான காரியம் இல்லை. நாடு முழுக்க நல்ல மனம் உள்ளவர்கள் செய்வதுதான். அதை அவளிடம் சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

அடக்கம் முடிந்த அன்று பிற்பகலில் நாங்கள் ஜீப்பை எடுத்தோம். ஸ்டெல்லாவுக்கு முதல் ஊசி போட்டு முடிந்திருந்தது. ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டே வழி சொன்னாள்.

இரண்டாவது குட்டி ஆட்டோ ஓட்டும் பாஷாவின் வீட்டில் இருந்தது. வாசலில் எங்களைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து ஸ்டெல்லாவின் செருப்பைக் கடித்தது. நான் அதன் வாய், கண், நடை எல்லாம் பார்த்தேன். நன்றாக இருந்தது. இத்தனை வாரம் தாண்டியும் கொழுத்து நிற்கிற குட்டிக்கு நோய் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே ஊசி போட்டேன். கொஞ்ச நாள் கட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வழியெல்லாம் ஸ்டெல்லா நிம்மதியாக மூச்சு விட்டது அங்கே மட்டும்தான்.

மூன்றாவது குட்டி போனது நெம்மேலி தாண்டி ஒரு டீக்கடைக்கு. வாங்கிய வாரத்திலேயே ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் வண்டி அடித்துச் செத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அப்போது அதற்கு நோய் இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. கடைக்காரரையும் அவர் அம்மாவையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"நாய் லாரில அடிபட்டு செத்துச்சு மேடம், எங்களுக்கு எதுக்கு ஊசி?" என்றார் அவர்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் குமரவேல் போன கதையைச் சொன்னார். கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

நாலாவது குட்டியை வாங்கியவர்கள் ரிசார்ட்டுக்கு அடுத்த மனையில் கட்டட வேலை நடந்தபோது வாட்ச்மேனாக இருந்த குடும்பம். புருஷன், பொண்டாட்டி, ஒரு சின்னப் பெண். கட்டடம் முடிந்து பூட்டுப் போட்டாயிற்று. அவர்கள் இருந்த தகரக் கொட்டகையைப் பிரித்த இடத்தில் சிமெண்ட் தரை மட்டும் இருந்தது.

"அந்தப் பொண்ணு பேரு ரோஜா" என்றாள் ஸ்டெல்லா. "குட்டிய கீழயே வுடாது. மூஞ்சோட மூஞ்சி வெச்சிகினே கெடக்கும்."

கட்டட மேஸ்திரியின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர்களைப் பற்றி வேறு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை

காலையில் ஈ.ஓ. போன் செய்தார். குரல் சரியில்லை. "மேடம், உடனே வாங்க."

காலனியின் முதல் தெருவிலிருந்து கடற்கரை மணல் வரைக்கும் நாய்கள் செத்துக் கிடந்தன. கோழிக்கழிவில் ஏதோ கலந்து வைத்திருந்தார்கள். சில நாய்கள் தண்ணீர் தேடிக் குழாயடிக்குப் போய் அங்கேயே விழுந்திருந்தன. ஒன்று இரண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நான் செய்யக்கூடியது வேதனையைச் சீக்கிரம் முடித்து வைப்பது மட்டும்தான். செய்தேன். பல நாய்களின் காது நுனியில் வெட்டு இருந்தது. கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்ட நாய் என்பதற்கான அடையாளம் அது. பக்கத்து ஊர்க் கருத்தடை மையத்துக்கு வண்டியில் ஏற்றிப் போய்ச் செய்துகொண்டு வந்த நாய்கள். ஒரு வெள்ளாடும் செத்திருந்தது.

ஸ்டெல்லா ஒவ்வொரு நாயாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தாள். அழுகையாக இல்லை. ஆஜர் எடுப்பது மாதிரி இருந்தது.

அலுவலகத்தில் அவசரக் கூட்டம். துரை முதலிலேயே பேசினார்.

"யாரு பண்ணான்னு என்ன கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. செத்துப்போனவன தோள்ல தூக்கினு போனவன் நானு. சட்டம் வந்து தூக்குச்சா?"

"சட்டம் தூக்கல சார்" என்றேன். "ஆனா இப்ப செத்துக் கெடக்கறது ஊசி போட்ட நாயிங்க. அதுங்க இருந்த வரைக்கும் வெளி நாய உள்ள வுடல. இந்த எடம் இப்ப காலி. ஹைவேல சுத்தற நாய்ங்க வந்துடும். அதுல எதுக்கும் ஊசி கெடையாது."

"வரட்டும். வந்தா அதுக்கும் வெப்பாங்க."

"இது போலீஸ் கம்ப்ளைண்ட் மேட்டர்" என்றார் ஈ.ஓ. "கமிட்டி மெம்பரா நீங்கதான் மேடம் முன்னால நிக்கணும். ஸ்டேஷனுக்கு என்கூட வரணும்."

அப்போதுதான் ஹெல்த் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேஸ்திரி. வாட்ச்மேன் குடும்பம் திருப்போரூர் தாண்டி ஒரு மனை விற்கும் லேஅவுட்டில் இருக்கிறதாம். எந்த லேஅவுட் என்று தெரியாது.

ஸ்டேஷனில் உட்கார்ந்தால் அன்றைய பகல் போய்விடும். நான் ஈ.ஓ.விடம், புகாரில் என் கையெழுத்து நாளைக்குப் போடுகிறேன் என்றேன். செத்த நாய்கள் மணலில் கிடக்கும்போதே நாங்கள் கிளம்பினோம். போகும் வழியில் ஸ்டெல்லா கேட்டாள்.

"அதுங்கள யாரு பொதைப்பாங்க?"

"தூய்மைப் பணியாளருங்க பாத்துப்பாங்க."

"ஆழமா பொதைக்க சொல்லுங்க டாக்டரம்மா. மேலாக பொதச்சா வேற நாய் வந்து தோண்டும்."

ஹெல்த் இன்ஸ்பெக்டர் போனை எடுத்து அலுவலகத்துக்கு அதைச் சொன்னார்.

மனைக்கல் நட்ட வயல்

திருப்போரூரைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் விளைந்த இடமெல்லாம் இப்போது வர்ணம் அடித்த மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் ஒரு வளைவு, ஒரு பேனர், ஒரு வாட்ச்மேன் கொட்டகை. மத்தியான வெயிலில் ஒவ்வொன்றாக நுழைந்து கேட்டோம். பல இடங்களில் எங்களை மனை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து ஆபீஸ் பையன்கள் நோட்டீஸோடு ஓடி வந்தார்கள்.

கடைசியில் ஏரிக்கரை ஓரமாக இருந்த ஒரு லேஅவுட்டின் பம்ப்செட் அறையில் அவர்கள் இருந்தார்கள். அம்மா பெயர் பார்வதி. துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அக்கா, இன்னா இவ்ளோ தூரம்?"

ரோஜா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. ஆறு வயது இருக்கும். மோவாயில் ஆறிப்போன சிறு தழும்பு. மணிக்கட்டில் கருப்புக் கயிறு. ஸ்டெல்லாவின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டேன்.

"குட்டி எங்கம்மா?"

"அது எப்பவோ செத்துப்போச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடியே. கோணில கட்டி அங்க இருந்த ஏரில போட்டுட்டோம்."

"மோவாயில என்ன காயம்?"

"அது கட்ச்சதுதான். சாவறதுக்கு மொத நாளு. மந்திரிச்சு கயிறு கட்டியாச்சு. அப்பறம் பத்து நாளு பத்தியமா உப்பு போடாம துண்ணது புள்ள."

மோவாய் என்றால் மூளைக்குப் பக்கம். இந்தக் கிருமி நரம்பு வழியாகப் போகும். பக்கத்து வழி சீக்கிரம் முடிந்துவிடும். காலில் கடித்திருந்தால் எங்களுக்கு இன்னும் நாள் இருந்திருக்கும். குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். என்னத்துக்கு என்று பார்வதிக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோஜா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து முழுவதும் குடித்தது. இன்னும் கேட்டது.

அவள் அப்பா அப்போதுதான் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"அதான் கயிறு கட்டிருக்கே மேடம். புள்ள நல்லாத்தான கீது. இப்ப நான் ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா ஓனரு வேற ஆள வெச்சிடுவாரு. ஞாயித்துக்கெழம கூட்டினு போறேன்."

நான் நோயை விளக்கினேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் விளக்கினார். அவர் தலையாட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை என்றே சொன்னார். அப்போது ஸ்டெல்லா திரும்பினாள்.

"ஏசி குமரவேல தெரியுமில்ல ஒனக்கு? இதே தாயி போட்ட குட்டிதான் அவருக்கும் குடுத்தேன். கைல சின்ன கீறல். நேத்து பொதச்சிட்டு வந்துட்டோம். தண்ணி வேணும் தண்ணி வேணும்னு சொல்லிகினே, தண்ணிய பாத்தா பயந்துகினு செத்தாரு. இதுக்கு மோவாய்லயே கடி."

பார்வதி ஈரக் கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள். செருப்பு போடவில்லை. புருஷனைக் கேட்கவும் இல்லை. அவர் பம்ப்செட் அறையைப் பூட்டிவிட்டுத் தானும் வந்து பின்னால் ஏறினார்.

மோவாயில் தழும்பைச் சுற்றி, கிருமியை அங்கேயே தடுக்கும் சீரம் போடும் ஊசி வலிக்கும். ரோஜா அலறியது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. பார்வதி பிடித்துக்கொள்ள முடியாமல் வெளியே வந்துவிட்டாள். ஸ்டெல்லாதான் உள்ளே போய்க் குழந்தையின் தலையைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்ற ஊசிகளுக்கும் அவளே ஒவ்வொரு தடவையும் திருப்போரூருக்குப் போய்க் கூட்டிவந்தாள். ஊசியெல்லாம் முடிந்த பிறகும் பல மாதங்களுக்கு நாங்கள் பயத்தோடுதான் இருந்தோம். காலதாமதமாகப் போட்ட ஊசிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரோஜா பிழைத்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

செல்வி வீட்டு வாசல்

காரியம் முடிந்த பிறகு ஒரு மாலையில் ஸ்டெல்லா செல்வியைப் பார்க்கப் போகவேண்டும் என்றாள். தனியாகப் போகப் பயம். என்னைக் கூப்பிட்டாள். இரண்டு வீடும் ஒரே தெருதான்.

செல்வி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் வந்து நின்றாள். ஸ்டெல்லா ஏதோ சொல்லத் தொடங்கினாள். செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ வேணும்னு குடுக்கல. அது எனக்குத் தெரியும். அவரும் ஆசப்பட்டுத்தான் வாங்கிகினு வந்தாரு. எல்லாம் தெரியுது. தெரிஞ்சி இன்னா பண்றது? ஒன் மூஞ்சிய பாத்தா எனக்கு அந்தக் குட்டி கத்துனதுதான் காதுல கேக்குது. இங்க வராதக்கா."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கினாள். எங்களுக்குத் தெரியும்படியாகவே.

அடுத்த கூட்டத்தில் ஸ்டெல்லா குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னாள். ஈ.ஓ. என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்குள் துரை பேசினார்.

"வெலகிட்டு? ஊருக்குள்ள புதுசா நாயிங்க வந்துகினு கீது. ஒண்ணுத்த கூட எவனாலயும் தொட முடியல. ஒன்ன வுட்டா யாரு புடிக்கிறது?"

அவர் சொன்னது உண்மை. விஷம் வைத்த இடத்தில் சில வாரங்களுக்குள்ளேயே ஹைவே நாய்கள் வந்துவிட்டன. காதில் வெட்டு இல்லாதவை, மனிதரைக் கண்டால் பல்லைக் காட்டுபவை. விஷப் புகார் மேலே நகரவே இல்லை. யார் வைத்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் சாட்சி சொல்ல ஆளில்லை. துரை அதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் தடுப்பூசி முகாம் நடத்தத் தன் லாரி ஷெட்டைத் திறந்துவிட்டார். அது அவருடைய பதில் என்று நான் எடுத்துக்கொண்டேன். சரியா என்று தெரியாது.

முகாம்

முகாமுக்கு ஆட்கள் வரவேண்டும் என்றால் செல்வி பேசினால் நன்றாக இருக்கும் என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்கு அதில் விருப்பமில்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை மைக் முன்னால் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் போய்க் கேட்டேன். மறுத்தால் விட்டுவிடுவதென்று.

"பேசறேன்" என்றாள் உடனே. "ஆனா அவ என் எதுர்ல நிக்கக் கூடாது."

அப்படியே செய்தோம். ஸ்டெல்லா ஷெட்டுக்குப் பின்னால், வெயிலில், வலையும் கயிறுமாகத் தெருநாய்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் செல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதிக்கொடுத்த தாளை அவள் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு நாய் கட்ச்சி சாவல. குட்டி கீறுனதுல செத்தாரு. அது செத்தத அவரு யார்கிட்டயும் சொல்லல. குடுத்தவங்க இன்னா நெனப்பாங்களோன்னு வெக்கப்பட்டுகினு பொதச்சிட்டாரு. சொல்லிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. ஒங்க வூட்ல குட்டி செத்தா சொல்லுங்க. அவ்ளோதான்."

மைக்கைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வரிசை குறையவில்லை. சிலர் நாயில்லாமல் வெறும் கையோடு வந்தார்கள். தங்கள் வீட்டில் எப்போதோ செத்த குட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். அவர்களில் இரண்டு பேருக்கு அன்றே ஊசி தொடங்கினோம்.

கல்லூரியில் எங்களுக்கு நோயைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர் ஒரு செத்த குட்டியை ஏன் மறைப்பார் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்தோ அலட்சியத்தாலோ மறைக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நல்ல மனிதர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். வாக்கு கொடுத்துவிட்டோமே என்று. இந்த வேலைக்கு வரும் நீங்கள் ஊசிமருந்தின் குளிர் குறையாமல் காப்பது, வலை வீசுவது எல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஒருவர் வெட்கத்தை விட்டு உங்களிடம் கெட்ட செய்தியைச் சொல்லும்படி நீங்கள் கேட்கவேண்டும். அதற்குத்தான் நாளாகும்.

எங்கள் குழு ஒரு விதி வைத்தது. தடுப்பூசி போடாத குட்டியை யாரும் யாருக்கும் தரக்கூடாது. தந்த பிறகும் தந்தவரே நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும். ஸ்டெல்லா குழுவில் இருக்கிறாள். இப்போதும் செல்வி வீட்டு வாசலைத் தாண்டாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். போன மாதம் ஒரு வீட்டுக்கு அவளோடு நானும் போயிருந்தேன். கதவைத் திறந்த பெண் குட்டியைப் பற்றிக் கேட்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஸ்டெல்லா படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"செத்துப்போச்சாம்மா? பரவால்ல, சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். ஒன் கைய மட்டும் காட்டு."